அல்வனின் மெத்தை உலகத்துக்குச் சொந்தமாம்

கிங்ஸ்டன்,
வியாழக்கிழமை

பர்மிங்ஹாம் குளிரில் இருக்கும் என் தங்கை வினெட்டுக்கு, அக்கா அயோனி எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உனக்கு முழங்காலும் சேர்த்துச் சுகமாயிருக்கட்டும். நீ அனுப்பிய கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் என் புருஷன் அல்வனை அடக்கம் செய்தேன். நீ வராததில் எனக்குக் கோபமில்லை, வந்திருந்தால் படுக்க இடம் கிடைத்திருக்காது.

ஏனென்றால் என் அறையில் பின்லாந்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அல்வனின் பாட்டை ஆராய வந்த புரொபசராம், பெயர் ஹன்னு. அல்வன் முதன்முதலில் பாடிப் பதிவு செய்த பாட்டு உனக்கு நினைவிருக்கும், எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான நம் யார்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பாடினாரே, அதுதான். லின்டோவின் ஐஸ் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பதிவு செய்தார்கள், ஐஸ் மெஷின் சத்தம் பாட்டில் விழுகிறது என்று லின்டோ கத்த, இவர் வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் தேங்காய்நார் மெத்தையை உருவித் தலையில் வைத்துக்கொண்டுபோய் அந்தச் சுவரில் சாத்திவிட்டார், நான் வெறுங்கட்டிலில் படுத்து முதுகில் கோடு கோடாக எழுந்தேன். அந்தப் பாட்டின் கனத்த பேஸ் சத்தம் அப்படி உருண்டு வருவதற்கு, இன்றும் என் கட்டிலில் கிடக்கும் அந்த மெத்தைதான் காரணமாம். பின்லாந்தில் சுற்றிலும் பனி கிடக்க, தண்ணீர் வரவில்லை என்று பாடுகிறார்களாம். ஜப்பானில் சுவரில் தேங்காய்நார் ஒட்டிப் பாடுகிறார்களாம். இன்னொரு நாட்டில் அரசாங்கம் கவிழ்ந்த அன்று தெருவெல்லாம் இதே பாட்டாம். நம் யார்டுக் குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை.

இப்போது கேள், செத்தவர் ஆவியை வழியனுப்பும் ஒன்பதாம் நாள் வந்தது. ஆட்டுச் சூப்பு, பொரித்த மீன், வெள்ளை ரம், டாமினோ ஆட்டம் எல்லாம் குறைவில்லாமல் வைத்தேன். அறையை மாற்றி மெத்தையைப் புரட்டிப்போட்டால்தானே ஆவி திரும்பி வந்தாலும் இது நம் இடமில்லை என்று போய்ச்சேரும்? நான் ஒரு முனையைத் தூக்கியதும் ஹன்னு மறு முனையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

“மிஸ் அயோனி, இதத் தொடாதீங்க! இது உலகத்தோட சொத்து!”

“உலகமாப்பா அவரு கொறட்டையக் கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு? எறங்கு.”

“கட்டில்கூட அதே எடத்துல இருக்கணும்மா. இங்க மியூசியம் வரப்போகுது.”

பக்கத்து வீட்டு மிஸ் பெரில் சூப்புக் கரண்டியோடு வந்துவிட்டாள். “தம்பி, அந்த மனுசன் வழி தெரிஞ்சு திரும்பி வந்தா நடுவுல நீதான் படுத்திருப்ப. அவருக்குப் பக்கத்துல ஆம்பள படுத்தாப் புடிக்காது, சொல்லிட்டேன்.”

அப்போது பார்த்து அடுப்பில் சோற்றுப்பானை மூடி தட்தட்டென்று, அல்வன் கிதாரில் அடிப்பாரே, அதே தாளத்தில் ஆடியது. பெரில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஹன்னு ஓடவில்லை, குதித்திறங்கி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் மூடியிடம், “இன்னொரு தடவ ப்ளீஸ்” என்று கெஞ்சினார். அந்த இடைவெளியில் நான் ஒருத்தியாகவே மெத்தையைப் புரட்டி, கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்து, அலமாரியைக் கதவோரம் தள்ளி முடித்தேன். திரும்பி வந்த ஹன்னு தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். என் புருஷனுக்கு நான் அழுததைவிட அதிகம். அவருக்கும் சூப்பு ஊற்றிக் கொடுத்தேன், என்ன செய்வது.

ஆக, அல்வன் போய்ச்சேர்ந்துவிட்டார் வினெட். பானை மூடி சும்மா இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், மனசு லேசாகிவிட்டது, யாரும் என்னை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

உன் அக்கா,
அயோனி

பி.கு.: உறையை ஒட்டின பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். வீடு ரொம்பவும் சத்தமில்லாமல் இருந்தது. ஹன்னுவைக் கூப்பிட்டுக் கட்டிலையும் அலமாரியையும் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொல்லி, மெத்தையையும் முன்போலவே போட்டுவிட்டேன். அவர் மியூசியத்துக்காக என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார், நினைக்கட்டும். சுவரோரமாக ஒடுங்கித்தான் படுக்கிறேன், அல்வனுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. பாஸ்டரிடம் சொல்லிவிடாதே.