ஓட்டுக்கடை பாய் முதலில் கூப்பிட்ட ஆள்

கடலூர் முழுக்கத் தேடினாலும், கால்பந்தைக் கையால் ஆடும் ஆட்டம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஓட்டுக்கடை பாய்தான்.

அறுபதுகளில் முதுநகரில் கூரை ஓடு விற்றார். லாரியில் ஓடு வந்தால் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் வீச, அடுத்தவர் பிடித்து அடுக்குவார். பாய் இந்த வழக்கத்தைத் தெருவுக்கும் நீட்டிவிட்டார். கடையைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும், "பிடிப்பா" என்ற குரலோடு ஓர் ஓடு பறந்து வரும். தபால்காரர் எதிர்ச்சாரியிலேயே போவார். பெண் பார்க்க வந்த சம்பந்தியே ஒருமுறை பிடித்திருக்கிறார்.

வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் ஓடு பறந்து வந்தது. ஒரு கையில் டீ கிளாஸ். மறு கையால் பிடித்தேன்.

"டீ சிந்தலியே" என்றார் பாய், நல்ல வரன் கிடைத்த முகத்தோடு.

சிதம்பரத்தில் வருஷா வருஷம் நடக்கும் கால்பந்துக் கோப்பைப் பந்தயத்துக்குக் கடலூரிலிருந்து முதுநகரும் மஞ்சக்குப்பமும் தனித்தனி டீம் அனுப்பும். கூலிக்கு ஆடுகிறவர்கள் எல்லாரும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் வந்து நிற்க, இரண்டு டீம் முதலாளிகளும் மாற்றி மாற்றி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். முதலில் போகிறவன் எப்போதும் கோல் அடிக்கிறவன். கோல் காக்கும் கோலியைக் கடைசியில்தான், அட, அங்கே நிற்க ஆள் வேண்டுமே என்று ஞாபகம் வந்து எடுப்பார்கள்.

அந்த வருஷம் முதலில் கூப்பிடும் வாய்ப்பு முதுநகர் டீம் முதலாளியான பாய்க்கு. டீ சிந்தாத நாளிலிருந்து அவர் கடையில் ஓடு இறக்கிக்கொண்டிருந்த நானும், அவர் சொல்லி, மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். மாவட்டத்திலேயே அதிகம் கோல் அடித்த 'புல்லட்' தலையை வாரிக்கொண்டு தயாராக நின்றான். பாய் அவனைத் தாண்டி என்னைக் காட்டி, "கோலி, நீ வா" என்றார். மஞ்சக்குப்பம் முதலாளி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் வழிந்தது. புல்லட்டை அவர் அள்ளிக்கொண்டார். பாய் அடுத்தடுத்துத் தடுப்பு ஆட்டக்காரர்களாகவே பொறுக்கினார்.

"பாய், கோல் அடிக்க யாரு?" என்றேன்.

"மொதல்ல கூரை ஒழுகாம இருக்கட்டும்டா. ஜன்னலுக்குத் திரைய அப்பறம் மாட்டிக்கலாம்."

திரையாக, அதாவது கோல் அடிக்க, வாய்த்தது யாரும் தொடாத மிச்சம். அதில் ஒருவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பந்தே தெரியாது.

முதுநகர் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: "இந்தத் தடவையும் தோத்தா பாய் ஆள் எடுக்கறத வுட்டுடணும்."

ஒன்றிரண்டு கோலோடு தட்டுத்தடுமாறிக் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அது மஞ்சக்குப்பத்தோடுதான். புல்லட் அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். நான் லாரியிலிருந்து ஓடு இறக்குவது போலப் பிடித்துப் பிடித்துப் போட்டேன். எங்கள் ஆட்கள் நடுக்கோட்டைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. மறுநாள் திரும்ப ஆடினோம், அன்றும் இல்லை. சலித்துப்போன கமிட்டியார் கோப்பையை ஆளுக்கு ஆறு மாதம் என்று பிரித்தார்கள். முதல் ஆறு மாதம் எங்களுக்கு விழுந்தது.

ஓட்டு அடுக்கின் உச்சியில் கோப்பை ஏறியது. அதைத் துடைக்கவே நேரம் போதாமல் பாய் ஓடு வீசுவதை நிறுத்தினார். தபால்காரர் எங்கள் சாரிக்குத் திரும்பினார்.

ஆறு மாதம் கழித்து மஞ்சக்குப்பம் முதலாளி தன் முறைக்குக் கோப்பையை வாங்க வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"பாய், கப்பு ஒங்ககிட்டயே இருக்கட்டும். அந்தக் கோலிய எங்களுக்கு வுட்டுடுங்க."

ஓடு அடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பாய் கோப்பையை இறக்கி, தோள் துண்டால் கடைசியாக ஒருமுறை துடைத்து, அவர் கையில் வைத்தார்.

"கீழ போட்டுடாம எடுத்துக்கினு போங்க."

முதுநகருக்கு வந்த ஒரே கோப்பை எங்கே என்று இன்று யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்: எங்கள் பாய் அதைக் கொடுத்துவிட்டு என்னை வைத்துக்கொண்டார்.