ஒரு காசு வேடம்

விலைவாசி ஏறிவிட்டது என்று மலேசியாவின் கெடா மாநில மக்கள் முறையிட்டபோது, அலோர் ஸ்டாரில் இருந்த மக்கள் மனமகிழ்ச்சி அலுவலகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உடனடியாக ஒரு நடனத்துக்கு ஏற்பாடு செய்தது.

அதற்குத் தக்க ஆதாரம் இருந்தது. அலுவலகத்தின் நிகழ்ச்சி அதிகாரி புவனேசன் அப்போது பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் எல்லாருக்குமே அந்தப் பித்து. கல்யாணப் புகைப்படங்களைக்கூடக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். புக்கிட் செலம்பாவில் ஒரு பெண் இறகு வைத்த தொப்பியை ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு மோட்டாரில் சந்தைக்குப் போய்வந்தாள்.

புவனேசன் சும்மா பார்க்கவில்லை, ஆராய்ந்தார். படத்தில் நாடு பஞ்சத்தில் கிடக்கிறது. பெரிய பெரிய நாணயங்களை உடுத்திக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்து, பணம் கொட்டுகிறது என்று பாடி ஆடுகிறார்கள். படம் முடிவதற்குள் எல்லாருக்கும் கல்யாணம் ஆகிவிடுகிறது. அதன்பிறகு பஞ்சத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

“பாட்டுக்கு முன்பு பஞ்சம் இருந்தது; பாட்டுக்குப் பின்பு காணப்படவில்லை” என்று அவர் அறிக்கை எழுதினார். மேலிடம் ஒப்புதல் வழங்கியது.

புக்கிட் செலம்பாவ் மகளிர் நடனக் குழுவை அழைத்தார்கள். அந்தக் குழுவில் பிரேமாவதி இருந்தாள். கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்ப்பவள். பிரமாதமாக ஆடுவாள், ஆனால் அவள் ஆடி யாரும் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவானாலும் பள்ளி ஆண்டு விழாவானாலும் அவளுக்குக் கடைசி வரிசைதான். அவளுக்கு முன்னால் ஏதாவது ஒரு தலைவரின் மனைவி அகலமாக நின்றுகொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை முன்னால் நின்று ஆடிவிட வேண்டும். பிரேமாவதிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

வேடம் பிரித்தார்கள். ஐம்பது காசு வேடத்துக்குத் தள்ளுமுள்ளு. அது விழாச் செயற்குழுவினரின் மனைவிமார்களுக்குப் போயிற்று. இருபது, பத்து, ஐந்து என்று அவரவர் மரியாதைக்கு ஏற்ப இறங்கி வந்தது. கடைசியில் ஒரு காசு மிஞ்சியது. அதை யாரும் சீண்டவில்லை.

“ஒரு காசு என்ன செய்யணும், சார்?” என்று பிரேமாவதி கேட்டாள்.

“தனியா முன்னால வந்து ஆடணும்மா. படத்துல அப்படித்தான். சின்னக் காசு முன்னால, பெரிய காசெல்லாம் பின்னால” என்றார் புவனேசன்.

“நான் ஆடறேன்!”

ஐம்பது காசுப் பெண்மணிகள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பிரேமாவதி செம்பு நிறத்தில் பாவாடை தைத்துக்கொண்டாள். காலணியின் அடியில் தகரம் அடித்துக்கொண்டாள். தொழிற்சாலை பஸ் வரும்வரை சாலையோரத்தில் டக் டக்கென்று தட்டிப் பழகினாள். நிகழ்ச்சி நெருங்கியதும், மேடை ஏறுவதற்கான அட்டையை வாங்க அலோர் ஸ்டாருக்குப் போனாள். கணக்குப் பிரிவில் அய்யாவு என்பவர் இருந்தார்.

“உங்களுக்கு அட்டை இல்ல, அக்கா.”

“ஏண்ணே?”

“மேடையில உள்ள காசையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். கடைசியில ஒரு காசு இடிக்குது. கடையில சாமான் வாங்குறீங்க. கணக்குல ஒரு காசு, ரெண்டு காசு மிச்சம் வந்தா என்ன செய்வாங்க?”

“விட்டுடுவாங்க.”

“மூணு, நாலு வந்தா?”

“அஞ்சாக்கிடுவாங்க.”

“பாருங்க, சட்டம் தெரிஞ்சவங்க நீங்க. அதனால உங்கள விட்டாச்சு.”

“அண்ணே, நான் காசு இல்ல. மனுஷி!”

“விண்ணப்பத்துல அப்படிப் போடலையே. ஒரு காசுன்னுதான் இருக்கு.”

“அப்போ என்னை அஞ்சு காசா மாத்திடுங்க.”

“உங்க உடை செம்பு. அஞ்சு காசு வெள்ளி நிறம். மாத்தினா கள்ளக் காசு ஆயிடும். போலீஸ் கேஸ் லா, அக்கா.”

பிரேமாவதி படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். மறுபடியும் மேலே ஏறினாள்.

“மூணு பேர், ஆளுக்கு ஒரு காசா வந்தா?”

அய்யாவுவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ வேலையில் அவரிடம் யாரும் இவ்வளவு நேர்த்தியாகக் கேட்டதில்லை. “மூணுன்னா அஞ்சு. பொலே, செய்யலாம்!” என்று தலையாட்டினார்.

தொழிற்சாலையில் தன் பக்கத்தில் வேலை செய்யும் நவமணியையும் காஞ்சனாவையும் பிரேமாவதி கெஞ்சிக் கூப்பிட்டாள்.

“ஒரு காசாவா? வீட்டுல அந்த வேஷத்தைத்தானே தினமும் போடறேன். மேடையிலயும் போட்டுட்டாப் போச்சு” என்றாள் காஞ்சனா.

அய்யாவு ஐந்து அட்டைகளை நீட்டினார்.

“நாங்க மூணு பேர்தானே, அண்ணே?”

“விதிப்படி அஞ்சு. சாப்பாடும் அஞ்சு பொட்டலம்.”

“மீதி ரெண்டு பேர் யாரு?”

“அவங்கள அலுவலகம் பார்த்துக்கும்.”

ஒத்திகை முடியும்வரை அந்த இரண்டு பேரும் யார் கண்ணிலும் படவில்லை. பொட்டலங்கள் மட்டும் ஒழுங்காகக் காலியாயின.

நிகழ்ச்சி நாள் வந்தது. மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் வந்து அமர்ந்துவிட்டார். அப்போது காஞ்சனா மட்டும் இரண்டு செம்புப் பாவாடைகளோடு ஓடிவந்தாள். “அக்கா, நவமணியை சூப்பர்வைசர் ஓவர்டைம்ல உட்கார வெச்சுட்டாரு!”

மேடைப் படியில் அய்யாவு கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். “ரெண்டுன்னா விட்டுடணும். விதி.”

பிரேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. புவனேசன் ஓடிவந்தார். “விடுய்யா, டத்தோ காத்திருக்காரு!”

“விட்டுடறேன் சார். ஆனா, அச்சடிச்ச நிகழ்ச்சி நிரல்ல இவங்க கணக்கு அஞ்சு காசுன்னு இருக்கு. மேடையில குறைஞ்சா கையாடல்னு எழுதுவாங்க. கீழே உங்க கையெழுத்துதான்.”

புவனேசனுக்கு வியர்த்தது. பிரேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நவமணியின் பாவாடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியும்தானே, சார். அத்தனை படம் பார்த்திருக்கீங்க.”

திரை விலகியது. பிரேமாவதி முன்னால் வந்தாள். முதல் தடவையாக அவளுக்கு எதிரே யாருடைய முதுகும் இல்லை, வெறும் வெளிச்சம். அவள் ஆடினாள். தகரம் மழைபோல் தட்டியது. அவளுக்குப் பின்னால் காஞ்சனாவும், அவளுக்கும் பின்னால் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்போதும் ஓர் அடி பிந்தியபடி, புவனேசனும் ஆடினார்கள்.

“அந்த மீசை வெச்ச காசு யாரு?” என்று டத்தோ கேட்டார்.

“நம்ம அதிகாரி, டத்தோ” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

டத்தோ நெகிழ்ந்து போனார். “இவ்வளவு பெரிய அதிகாரி, மிகச் சிறிய காசாக நிற்கிறாரே! என்ன பணிவு!” என்று எழுந்து கைதட்டினார். டத்தோ எழுந்ததால் மண்டபமே எழுந்தது. மறுநாள் பத்திரிகையில் புவனேசனின் படம் வந்தது. அதன் ஓரத்தில் பிரேமாவதியின் முழங்கை தெரிந்தது. விலைவாசி இருந்த இடத்திலேயே இருந்தது. “நடனம் நடந்த நேரத்தில் புகார் ஏதும் வரவில்லை” என்று அலுவலகம் திருப்தி தெரிவித்தது.

புவனேசனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதோடு கறுப்பு வெள்ளை மோகம் அடங்கி, பணிவு மோகம் கிளம்பியது. கடைகளில் செம்பு நிறச் சேலை தட்டுப்பாடு. அடுத்த வருஷ நடனத்தில் செயற்குழு மனைவிமார்கள் அனைவரும் ஒரு காசாக வந்து நின்றார்கள். அய்யாவு பார்த்துப் பார்த்து எட்டுப் பேரோடு நிறுத்தினார், எட்டு பத்தாகும். தனியாக முன்னால் ஆடும் இடம் டத்தோவின் மனைவிக்குப் போயிற்று.

“என் இடம், சார்?” என்று பிரேமாவதி கேட்டாள்.

“உங்கள மறப்போமா? நீங்க அம்பது காசு! ஒரே வருஷத்துல அம்பது மடங்கு உயர்வு. எனக்கே அப்படிக் கிடைக்கல.”

“அது கடைசி வரிசைதானே?”

“வரிசையைப் பார்க்காதீங்கம்மா. மதிப்பைப் பாருங்க.”

இனி ஆடுவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் வீட்டுக்குப் போனாள். அதற்குள் செய்தி புக்கிட் செலம்பாவுக்கு வந்துவிட்டிருந்தது. “பிரேமா, அம்பது காசாமே!” என்று வாசலில் நின்று விசாரித்தார்கள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கைகுலுக்கினார். கடைசி வரிசை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். பிறகு, இவர்களுக்கு எதற்கு விளக்கம் என்று இருந்துவிட்டாள்.

முதல் ஒத்திகையில், ஐந்து காசு வேடம் கிடைத்திருந்த காஞ்சனா வழக்கம்போல் வந்து அவள் தோளை ஒட்டி நின்றாள். பிரேமாவதி பொன்னிறப் பாவாடையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லு, காஞ்சனா” என்றாள். “இது அம்பது காசு நிக்கிற இடம்.”