முதல் மதிப்பெண் வாங்கிய ரொவீனா ஸ்லோன்

“லேட்டானா என்ன கண்ணு, முடிச்சுட்டியே! அதுதான் முக்கியம்,” என்று சொன்ன மளிகைக்கடை ஜெனீவா, மீதிச் சில்லறையோடு ரொவீனாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எதை முடிச்சேன்?”

“அட, வெக்கப்படாதே. பேப்பர்லயே போட்டிருக்கு.”

ஊரின் வாரப் பத்திரிகையை ஜெனீவா விரித்துக் காட்டினாள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வில் வென்றவர்கள் என்று பதினொரு பெயர்கள். முதல் பெயர் ரொவீனா ஸ்லோன். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். சுற்று வட்டாரத்திலேயே முதல் மதிப்பெண்.

ரொவீனா ஸ்லோன் எதையும் பாதியில் விட்டவள் அல்ல. ஸ்லோன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். நாலு வருஷமும் முழு உதவித்தொகையில் படித்துப் பட்டத்தோடு ஊர் திரும்பி, இந்த மலை மாவட்டத்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் கையில் இருந்த பிரிவோ, அடையாளத் திருட்டு. அடுத்தவர் பேரைப் போட்டு ஏமாற்றுவது பற்றிய கென்டக்கி மாநிலச் சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மாதத்துக்கு ஒரு சர்ச்சில் அதைப் பற்றிக் கூட்டம் போடுவாள். எல்லாக் கூட்டத்தையும் சொந்தக் கதையோடுதான் முடிப்பாள்:

“கல்லூரி விண்ணப்பத்துல ‘உன்னைப் பத்திக் கட்டுரை எழுது’ன்னு ஒரு பக்கம். எங்க ஏழ்மையை நான் எதுக்கு அவங்களுக்குப் படம் போட்டுக் காட்டணும்? வெறும் பக்கமா விட்டு, சமையல் மேஜையில வீசிட்டேன். எங்கம்மா அதை அப்படியே தபால்ல போட்டாங்க. காலேஜ்ல மார்க்கை மட்டும் பாத்து எடுத்துக்கிட்டாங்க. ஒரு வார்த்தை கெஞ்சலை. உங்க பேருதான் உங்க சொத்து. அதைக் காப்பாத்துங்க.”

அப்படிப்பட்ட பேரைத்தான் எவளோ எடுத்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறாள்.

துணை ஷெரீஃப் ஆர்வில், ரொவீனாவின் அம்மா வில்டாவோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். புகாரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடவே அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது.

“முதல்ல ஒண்ணு கேக்குறேன். யாராவது சின்னப் பசங்க பீர் வாங்க உன் பேரைப் போட்டிருந்தா கேஸ் நிக்காது. சட்டத்துலயே விலக்கு இருக்கு.”

“பீர் வாங்கலை மாமா. அல்ஜீப்ரா எழுதியிருக்காங்க.”

“அதுக்கு விலக்கு இல்லை,” என்று ஆர்வில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

“ஒரு வருஷத்துலேருந்து அஞ்சு வருஷம் வரை உள்ள தள்ளலாம். எனக்கு அஞ்சும் வேணும்.”

அன்றைக்கு மாலையே பக்கத்து மாவட்டத்துத் தேர்வு மையத்துக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு ஆர்வில் வந்தார்.

“உன் பழைய லைசென்ஸைக் காட்டித்தான் எழுதியிருக்கா. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே, அது. மையத்துல வேலை பாக்குற ஒரு பொம்பளை போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாங்களாம். ஒத்துப்போச்சாம்.”

“அப்ப என் வயசுப் பொண்ணு.”

“நாப்பத்தஞ்சு இருக்குமாம்.”

“மாமா!”

“சாட்சி சொன்னதைச் சொல்றேன். இந்த மலை வாழ்க்கை உன்னை ரொம்பத்தான் வாட்டிருச்சுன்னு அந்தம்மா பாவப்பட்டாங்களாம்.”

ரொவீனா நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் மேஜையைத் தட்டினாள். மறுப்பு வெளியிட்டே ஆக வேண்டும் என்றாள். பத்திரிகையும் தட்டாமல் வெளியிட்டது. புதன்கிழமை முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: ‘பள்ளித் தேர்வில் நான் வெற்றி பெறவே இல்லை — ரொவீனா ஸ்லோன் திட்டவட்டம்.’

வியாழக்கிழமை காலைக்குள் அலுவலகத்துக்கு ஏழு போன். அரசு வழக்கறிஞர் டேக்கெட் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடமே முடிக்காத பொண்ணை எப்படி வேலைக்கு வெச்சீங்கன்னு கேக்குறாங்கம்மா.”

ரொவீனா தன் இருக்கைக்கு மேலே மாட்டியிருந்த பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி வந்து அவர் மேஜையில் வைத்தாள். கண்ணாடி விரிசல் விட்டது.

“எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணுமே.”

“திங்கட்கிழமைக்குள்ள பிடிச்சுக் காட்டுறேன் சார்.”

தன் பேரில் எங்கெங்கே என்னென்ன காகிதம் இருக்கிறதோ அத்தனைக்கும் நகல் கேட்டு எழுதினாள். மின்சாரக் கம்பெனி, தண்ணீர் வாரியம், டெலிபோன், தேர்வு மையம், படித்த கல்லூரி. ஒன்றையும் விடவில்லை. எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் திருடி சிக்கிவிடுவாள் என்பது அவள் கணக்கு. கல்லூரி மட்டும் திங்கட்கிழமைதான் அனுப்ப முடியும் என்றது. மற்றவை மறுநாளே வந்தன. ஆர்வில் அவற்றைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

“மின்சாரம், தண்ணி, போன், மூணும் ஒரே கைதான். இடது பக்கமா சாஞ்ச எழுத்து. காத்தடிச்ச சோளக்கொல்லை மாதிரி.”

“அது கணக்குல வராது. அது எங்கம்மா.”

“மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்தப்ப உனக்கு ஆறு வயசு.”

“அந்த வருஷம் வெள்ளத்துல எல்லாம் போய் பில் பாக்கி நின்னதுக்கப்புறம் அம்மா பேருல எங்கேயும் எதுவும் குடுக்கலை. என் பேருல குடுத்தாங்க. இங்கே எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதானே?”

நடக்கிறதுதான். அந்த மலையில் ஒரு வீட்டில் ஒரு நல்ல கோட்டு இருந்தால், வெளியே போகிறவர் யாரோ அவர் போட்டுக்கொண்டு போவார். நல்ல பேரும் அப்படித்தான். ஆர்வில் நாலாவது காகிதத்தைத் தள்ளினார். அது தேர்வு மையத்து விண்ணப்பம்.

“இதுவும் இடது பக்கம்தான் சாயுது.”

“இந்த மலையில பாதிப் பேர் இடது கைக்காரங்க மாமா.”

ஆர்வில் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். “நீ படிச்ச பொண்ணு,” என்றார்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். வில்டா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சோள ரொட்டி சுட்டுவிட்டு வந்த களைப்பில் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.

“பிடிச்சா என்னடி பண்ணுவாங்க?”

“அஞ்சு வருஷம். இந்த ஜென்மத்துக்கு எந்த அரசாங்கச் சமையலறையிலகூட வேலை கிடைக்காது.”

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“ஏண்டி, முதல் மார்க்குன்னா போட்டிருக்கு? நல்லாப் பாத்தியா?”

“அம்மா! அதுவா இப்ப முக்கியம்?”

சனிக்கிழமை காலை பக்கத்து மாவட்டத்துச் சமுதாயக் கூடத்தில் சான்றிதழ் விழா. முதல் மதிப்பெண் வாங்கியவள் மேடையேறாமல் இருக்கமாட்டாள், அந்த இடத்திலேயே அமுக்கிவிடலாம் என்பது ரொவீனாவின் திட்டம். ஆர்வில் சீருடையில் காபிப் பாத்திரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். அவர் உடம்புக்கு இன்னும் இரண்டு காபிப் பாத்திரம் தேவைப்பட்டது. பத்திரிகைக்காரப் பெண்ணையும் ரொவீனாவே வரச் சொல்லியிருந்தாள். திருடியின் முகம் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று.

“வட்டாரத்திலேயே முதல் மதிப்பெண். ரொவீனா ஸ்லோன்!”

கூடம் கைதட்டியது. நீலக் கவுனும் நீலத் தொப்பியுமாக ஒருத்தி வரிசையிலிருந்து எழுந்தாள். ரொவீனா முகத்தைப் பார்க்கவில்லை. கவுனுக்குக் கீழே தெரிந்த வெள்ளைச் செருப்பைத்தான் பார்த்தாள். சமையலறைத் தரையில் வழுக்காமல் இருக்க ரப்பர் அடி வைத்தது. வலது பக்கம் தக்காளிக் கறை. போன கிறிஸ்துமஸுக்கு அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

வில்டா நேரே ஆர்வில் இருந்த பக்கம் பார்த்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டாள். ஓடவில்லை. படி ஏறினாள், சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினாள், பட்டம் வாங்கியவர்கள் செய்வது போலத் தொப்பியின் குஞ்சத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

“பிடிக்கட்டுமா?” என்று ஆர்வில் கிசுகிசுத்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஒன்பதாவதுல அவ எழுத்தைப் பாத்துத்தான் நான் காப்பியடிச்சேன்.”

தான் கைதட்டிக்கொண்டிருப்பது ரொவீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கை எரிந்தது. இறங்கி வந்த வில்டாவை வழியில் மறித்தாள்.

“போலீஸ் வரும்னு தெரிஞ்சும் ஏம்மா வந்தே?”

“முதல் மார்க் வாங்கினவ நாற்காலி காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அஞ்சு வருஷம்னு சொன்னே. சரி, ஒரு தடவை மேடை ஏறிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உன் பேருல எழுதியிருக்கலாமே!”

“என் பேருல எது கேட்டு எது கிடைச்சிருக்குடி? உன் பேரு ராசியான பேரு.”

பத்திரிகைக்காரப் பெண் கேமராவோடு வந்து நின்றாள். “இதுல யாருங்க ரொவீனா ஸ்லோன்?”

“நான்தான்,” என்றாள் ரொவீனா. அம்மாவைக் காப்பாற்றும் அவசரத்தில் ஒரு வாக்கியம் அதிகமாகச் சொல்லிவிட்டாள். “எங்கம்மா என் அனுமதியோடதான் எழுதினாங்க.”

ஆர்வில் கண்ணை மூடிக்கொண்டார். “போச்சு,” என்றார். “அனுமதி குடுத்தேன்னா நீ ஆள் வெச்சுப் பரீட்சை எழுதினேன்னு அர்த்தம். அது உன் மேல மோசடி. அதோட, தெரிஞ்சுகிட்டே பொய்ப் புகார் குடுத்திருக்கே. அது இன்னொண்ணு.”

திங்கட்கிழமை காலை டேக்கெட்டின் அறையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வில்டா ஞாயிறு உடுப்பில், மடியில் சான்றிதழோடு. ரொவீனா இரண்டு இரவு தூங்காத கண்ணோடு. ஆர்வில் கோப்போடு.

“புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்,” என்றாள் ரொவீனா. அவளுக்கு எவரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. குரல் சண்டை போடுவது போலத்தான் வந்தது. “வேலை போனாலும் பரவால்ல. எங்கம்மா மேல கை வைக்கக் கூடாது.”

“புகார் உன்னுது இல்லம்மா, இப்ப அது மாநிலத்துது. உன் சர்ச் கூட்டத்துல நீயே சொல்லுவியே.” டேக்கெட் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “அடுத்தவர் பேரைப் போட்டு, தனக்கு உரிமையில்லாத லாபத்தை அடையப் பார்த்திருக்கணும். வில்டா, உனக்கு என்ன லாபம்?”

வில்டா சான்றிதழை எடுத்து நீட்டினாள். “ஒண்ணுமில்லைங்க. இதுல இவ பேருதான் இருக்கு.”

“ஒரு வருஷம் படிச்சியா?”

“பதினாலு மாசம். வேலை முடிஞ்சு போய்ப் படிச்சேன்.”

“ரொவீனா, உனக்கு என்ன நஷ்டம்?”

“மானம் போச்சு.”

“அது இந்தப் பிரிவுல இல்லை.” புத்தகத்தை மூடினார். “ஏற்கெனவே பள்ளிச் சான்றிதழ் இருக்கிற உனக்கு இன்னொண்ணு கிடைச்சிருக்கு. படிச்சவளுக்கு ஒண்ணுமே கிடைக்கலை. யாருக்கும் லாபமில்லாத மோசடியை நான் எந்த நீதிபதி முன்னாடி கொண்டு போறது? மையத்துக்கு நான் எழுதிடறேன், அந்தச் சான்றிதழ் ரத்து. வில்டா, உன் பேருல மறுபடியும் எழுது. ரொவீனா, உன் வேலை நிரந்தரம். இனிமே பத்திரிகை ஆபீஸ் பக்கம் போகாதே.”

“மறுபடியும் முதல் மார்க் வருமான்னு தெரியலையே,” என்று வில்டா கவலைப்பட்டாள்.

“வரும்,” என்றாள் ரொவீனா. சான்றிதழை வாங்கி ஒருமுறை பார்த்தாள். தன் பேர் இவ்வளவு பெரியதாக எப்போதும் தெரிந்ததில்லை. “எப்படி இருந்தாலும் இந்தப் பேரை முதல்ல காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனது நான்தானே? ஒரு வார்த்தை கெஞ்சாம. அந்த ரத்தம்தானே நீயும்?”

“ஆமாண்டி கண்ணு,” என்ற வில்டா, அவசரமாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கிளம்பலாமா?”

கதவு தட்டப்பட்டது. தபால் வந்திருந்தது. ஆர்வில் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்ததை வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

“சார், லாபம் இருந்தாத்தான் கேஸ்னு சொன்னீங்க. இவளோட காலேஜ் விண்ணப்பம் வந்திருக்கு. கட்டுரைப் பக்கம் வெறும் பக்கம் இல்லை, ‘என் பேர் ரொவீனா’ன்னு ஆரம்பிச்சு முன்னும் பின்னும் இடது பக்கமா சாஞ்சு கிடக்கு. நாலு வருஷ உதவித்தொகை லாபம். இப்ப ரெண்டு பேர்ல யாரைப் பிடிக்கட்டும்?”