துணைக்கு மட்டும் வருகிறவர்

துணைக்கு வருகிறவரை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்தவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடுத்தவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, 'ம்ம்' என்று தலையாட்டுகிறாரே, அவர்தான். எந்த லிஃப்ட் ஓடாது, எந்த நர்ஸ் வலிக்காமல் ஊசி போடுவார், எந்த டாக்டர் சிரித்தால் பயப்பட வேண்டும், எல்லாம் அத்துப்படி. யாருக்கு இருமல் வந்தாலும் கூட்டிக்கொண்டு ஓடுவார். தனக்கு? கேட்டுப் பாருங்கள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்!"

குத்துக்கல் டாக்டரிடம் போகாது. வாஸ்தவம்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் லாரி பட்டறை வைத்திருக்கிறார். வண்டி நன்றாக ஓடும்போதே எஞ்சின் எண்ணெயைத் தொட்டு மோந்து பார்ப்பார். "சத்தம் வந்தப்புறம் வண்டியக் கொண்டாந்தா நான் என்ன பூசையா போடுறது?" என்று டிரைவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார். அந்தப் பட்டறைக்காரரின் தம்பிக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய். வேறெங்கோ கிளம்பி வந்து ஒட்டியதில்லை, ஈரலிலேயே முளைத்தது.

ஈரல் என்றதும் சொந்தபந்தம் என்ன செய்யும்? ஆளின் வாயை மோந்து பார்க்கும். பார்த்தது. தம்பியோ மதுக்கடை இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போகிற மனிதர். "கமுக்கமா குடிச்சிருப்பான்" என்று தீர்ப்புச் சொன்னார் பெரியப்பா, கையில் கிளாஸோடு.

டாக்டரம்மா பொறுமைசாலி. குடியும் ஒரு காரணம்தான் என்றார். ஈரலில் படியும் கொழுப்பும் சர்க்கரை நோயும்கூடக் காரணமாகலாம். தம்பிக்குக் காரணம் ஹெபடைட்டிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஒட்டிக்கொண்டு, இத்தனை வருடம் மூச்சுக்காட்டாமல் குடியிருந்து, ஈரலைத் தழும்பாக்கி, அதில் கட்டியையும் வளர்த்துவிட்டது. சாயம் ஏற்றி எடுத்த சி.டி. படத்திலேயே தெளிவாகத் தெரிந்ததால் ஊசி விட்டுச் சதை எடுக்கக்கூடத் தேவைப்படவில்லை. கட்டி சின்னது, மிச்ச ஈரல் தாங்கும், வெட்டி எடுத்துவிடலாம். பெரிதாகிப் பரவியிருந்தால் பேச்சே வேறு.

"கூடப் பொறந்தவங்க எல்லாரும் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க. ஈரல் லேசுல வலிச்சுக் காட்டாது. காட்டுறப்ப லேட்டாயிடும்."

"அதுக்கென்ன டாக்டர், இப்பவே தங்கச்சியக் கூட்டிட்டு வரேன்!"

கூட்டிக்கொண்டும் வந்தார் பட்டறைக்காரர். தங்கை கையை நீட்ட, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னார். ஊசி வேலை முடிந்ததும் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்து நீங்க உக்காருங்க."

"நான் இப்பத்தான் சாப்பிட்டேன்மா."

"இதுக்குச் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்ல."

"நல்லா சாப்பிட்டுட்டேன்மா!"

எப்படி மறுப்பது? நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தங்கைக்குக் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அவருக்குத் தடுப்பூசி போட்டார்கள். பட்டறைக்காரருக்குத் தானே பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கிய சந்தோஷம். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்! தங்கச்சிக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல!" என்று வராந்தா முழுக்க அறிவித்தார். அப்படிக் கணக்கில்லை, ஒருவருக்கு ஒட்டும் ஒருவருக்கு ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னபோது, ஆளைக் காணோம். யாருக்கோ வீல்சேர் தள்ளப் போயிருந்தார். மனைவி விடவில்லை. "என்னங்க, ஒரு ஊசிதானே?" "பட்டறைல வேலை கெடக்குடி."

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் டியூப், மூக்கில் டியூப், பேசினால் தையல் இழுக்கும். அண்ணன் விடுவாரா? தலையணையைத் தட்டினார். டிரிப்ஸ் வேகத்தைக் குறை சொன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து வைத்தியம் சொன்னார். கடைசியில் அங்கேயும் ஆரம்பித்தார்:

"தங்கச்சிக்கு ஒண்ணுமில்லடா. நம்ம குடும்பத்துக்கே பயமில்ல. ஒரு பானை சோத்துக்கு..."

"அண்ணே." தம்பி கண்ணைத் திறந்தார். "அப்ப நான் எந்தப் பானைச் சோறு?"

அண்ணன் தலையணையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

எத்தனையோ பேரை நடத்திக் கூட்டிவந்த கால்களுக்கு ரத்தம் எடுக்கிற அறை எங்கே என்று மறந்துபோனது. மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஊசியைப் பார்த்ததும் பட்டறைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கிருமி இருந்தது. வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஈரல் தழும்பேற ஆரம்பித்திருந்தது. கட்டி இல்லை. தினமும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்று சொன்னார்கள்.

"ஆயுசுக்கும் வரணுமா டாக்டர்?"

"ஆயுசு வேணும்னா வரணும்."

சிரித்தீர்களா? நல்லது. படிக்கும்போது யாரையோ நினைத்துக்கொண்டீர்களே, யாரை? மச்சானையா, மேனேஜரையா, மாடி வீட்டுக்காரரையா? 'இதை அவர்கிட்ட காட்டணும்' என்று பக்கத்தைக்கூட மடித்து வைத்திருப்பீர்கள். உங்களை நினைக்கவில்லை, அப்படித்தானே? இந்த வகை ஆட்களுக்கு அது ஒன்றுதான் அறிகுறி. வேறெங்கும் வலிக்காது.