ஓகேயின் ஐந்து நாற்காலிகள்

பழனிசெட்டிபட்டியில் ‘ஓகே’யிடம் முதுகில் அடி வாங்காத ஆண் ஒருவர்கூடக் கிடையாது. எனக்கு மட்டும் நாற்பத்தொன்று விழுந்தது. எண்ணி வைத்திருக்கிறேன்.

அவர் ராணுவத்தில், விமானத்திலிருந்து குதிக்கும் பொறியாளர் படையில் இருந்தவர். பாராசூட்டில் இறங்கி, கண்ணிவெடியைத் தோண்டி எடுத்து, ஆற்றில் பாலம் போட வேண்டும். குதிப்பதற்கு முன் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் முதுகுப் பட்டைகளை இழுத்துப் பார்த்து ஓர் அடி கொடுப்பார்களாம். அடி வாங்கியவர் தன் நம்பரைச் சொல்லி ‘ஓகே’ என்று கத்த வேண்டும்.

ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் அந்தக் கை மட்டும் ஓயவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில், பதினான்கு பெண்கள் பார்க்க, பின்னாலிருந்து என் இடுப்பை உற்றுப் பார்த்தார்.

“போஸ்ட்மாஸ்டரே, வேட்டி முடிச்சு சரியில்ல. குதிக்க விட மாட்டேன்.”

“நான் எங்கய்யா குதிக்கப் போறேன்? பாமாயில் வாங்க வந்தேன்!”

“எதுக்கு வந்தா என்ன? முடிச்சு முக்கியம்” என்று அவரே இறுக்கிக் கட்டி, முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் அந்தக் கை மனிதர்களைத் தொடாது. அன்று காலை ராசாத்தியின் டீக்கடை முன்னால் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை, பஸ் சீட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார். அவர் குழுவில் ஆறு பேர். ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுக்கப் போன ஐந்து பேர் திரும்பவில்லை. மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இவர் மிஞ்சினார்.

நாற்காலிக்கு ஒரு செவ்வந்தி வைத்துவிட்டு, கடைசியிலிருந்து தட்டிக்கொண்டு வருவார். “ஆறு ஓகே! அஞ்சு ஓகே! நாலு ஓகே!” பிறகு சும்மா நிற்பார். நாற்பது விநாடி. அப்புறம், “ரெண்டு ஓகே! ஒண்ணு ஓகே!”

மூன்று எங்கே? பதினோரு வருஷம் இது என்னை அரித்தது. கேட்டால் அடி விழும். போதாததற்கு, முன்னிருந்து இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் மட்டும் மூன்றடி இடைவெளி, மற்றதெல்லாம் ஓரடி. பன்னிரண்டாவது வருஷம், அவர் பூ வாங்கப் போன நேரத்தில், பொறுக்க முடியாமல் நாற்காலிகளைத் தள்ளிச் சீராக்கிவிட்டேன்.

திரும்பி வந்தவர் பூவும் கையுமாக இரண்டு சுற்றுச் சுற்றினார். கத்துவார் என்று நினைத்தேன்.

“என் இடத்தக் காணோம், போஸ்ட்மாஸ்டரே” என்றார்.

ராசாத்தி பாய்லரை விட்டு ஓடிவந்தாள். “ஏண்ணே, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?”

“விடு ஆத்தா” என்றார் அவர். “நான்தான் மூணு. பின்னால இருக்குற நாலு தட்டாம நான் எப்படி ஓகே சொல்ல? தட்டுறானான்னு நின்னு பாப்பேன்.”

மூன்றடி அளந்து நாற்காலிகளைப் பழையபடி நகர்த்தினேன். அவர் ஆறு, ஐந்து, நாலு தட்டிவிட்டு இடைவெளியில் போய் நின்றார். நான் நாலாம் நம்பர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எட்டி, அவர் காலரிலிருந்து பெல்ட் வரை ஒழுங்காகச் சரிபார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒன்று வைத்தேன்.

“மூணு ஓகே!”

ஸ்டாப்பில் நின்ற மினிபஸ் டிரைவர் பயந்துபோய் வண்டியை எடுத்துவிட்டார்.

அதன்பின் நான்கு வருஷம், அவர் முதுகில் என் கையால் நான்கு அடி. போன தை மாதம் அவர் போய்விட்டார். இந்த வருஷம் நாற்காலிகளை நான்தான் போட்டேன். ஆறு. எல்லா இடைவெளியும் சரியாக ஓரடி. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.