மலைப்பக்கம் திரும்பும் ஆன்டெனா

போட்டி தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மொட்டை மாடியில் நின்று தன் ஆன்டெனாவை முறைத்துக்கொண்டிருந்தார். அது மறுபடியும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நேற்றுக் காலை கடைக்குக் கிளம்பும்போது அதை வடக்கே நிறுத்திவிட்டுத்தான் போனார். மீன்முள் மாதிரி கம்பிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆன்டெனா ஒரு மோட்டாரின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே அறையில் ரேடியோவுக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியின் குமிழைத் திருகினால் மட்டுமே அது திரும்ப வேண்டும். ஆனால் பல மாதங்களாகவே, எந்தத் திசையில் விட்டுவிட்டுப் போனாலும், அவர் வீடு திரும்பும்போது அது கிழக்கே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

போல்ட்டை இறுக்கிப் பார்த்தார். திரும்பியது. கிரீஸ் போட்டுப் பார்த்தார். இன்னும் சுலபமாகத் திரும்பியது. மோட்டாரின் பிரேக்கை மாற்றினார். அதற்குப் பிறகு நூல் பிடித்த மாதிரி மலையைப் பார்க்க ஆரம்பித்தது. அவர் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அசையாது. பழுதான சாமான்களுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. ரிப்பேர்காரன் பக்கத்திலிருந்தால் பூனை மாதிரி இருக்கும். ரேடியோ முன்னாலிருந்த சுழல் நாற்காலியும் அந்த ரகம்தான். தினமும் அது தானாகத் தாழ்ந்துபோயிருக்கும். நேரம் கெட்டுவிட்டால் நாற்காலிகூட மனிதனை மதிப்பதில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மனைவியிடம் சொன்னால், காற்று அடித்தால் திரும்பத்தான் செய்யும் என்றாள்.

"தினமும் ஒரே பக்கமாவா காத்து அடிக்கும்?"

"அது மலைக்காத்துங்க" என்றாள் அவள்.

ரேடியோ அலைகளைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் படித்திருந்த கடைக்காரர், மலைக்காற்றுக்காக மறுபடி அந்த அலமாரியைக் குடைந்தார்.

ஆன்டெனா வேறு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அவர் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். மலைமேல் அவர் தம்பி இருந்தான்.

அங்கே பள்ளிக்கூடத்தில் அவன் ஓவிய வாத்தியார். அண்ணன் தம்பி இரண்டு பேருமே ஹாம் ரேடியோக்காரர்கள்; அதாவது வீட்டிலேயே நிலையம் வைத்து, லைசென்ஸோடு, வானொலியில் ஊர் ஊராகப் பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அப்பா விட்டுப்போன பழைய ரேடியோவில்தான் இருவரும் பேசக் கற்றார்கள். பாகம் பிரித்தபோது வீடு, பாத்திரம், கட்டில் எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. ரேடியோவில்தான் முட்டிக்கொண்டது. கடைசியில் பெட்டி அண்ணனுக்கு, அதன் மைக் தம்பிக்கு என்று முடிவாயிற்று. அந்தத் தீர்ப்பைச் சொன்னது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மைக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசற்படி இறங்கும்போது தம்பி திரும்பிப் பார்த்து, "பேசறதுக்கு மைக் என்கிட்ட இருக்கு. நீ கேட்டுக்கிட்டே இரு" என்றான்.

அதற்குப் பிறகு இருவரும் தனித்தனியாகப் புது ரேடியோ வாங்கிக்கொண்டார்கள். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. மலைமேல் போனும் எடுக்காது. எடுத்தாலும் யார் முதலில் கூப்பிடுவது என்ற கேள்வி இருக்கவே இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை, இந்தப் போட்டி நாளில்தான் தம்பி ரேடியோவில் வாய் திறப்பான். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதிகக் கட்டங்களில் இருப்பவர்களோடு பேசி முடிப்பவருக்குக் கோப்பை. கோப்பைக்காகத்தான் உட்காருகிறேன் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வார். அது சுத்தப் பொய். அந்த ஒரு நாள் தம்பியின் குரலைக் கேட்கலாம் என்றுதான் அவர் உட்கார்ந்தார். கோப்பையை வழக்கமாக இரண்டு தெரு தள்ளியிருக்கும் பல் டாக்டர் அடித்துக்கொண்டு போவார்.

பல் டாக்டர்மேல் கடைக்காரருக்கு வேறொரு குறையும் இருந்தது. ரேடியோவில் அவ்வளவு வேகமாக இருக்கிற மனிதர், கடைக்காரர் மனைவியின் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வாரா வாரம் வரச்சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அந்த டாக்டர்தான் போன வாரம் ஒரு செய்தி சொன்னார். தம்பிக்கு மாற்றல் வந்துவிட்டதாம். அடுத்த மாதம் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோகிறானாம். இந்த ரேடியோ அலை நேர்கோட்டில் போகிற ஜாதி. மலையைத் தாண்டி இறங்காது. இன்று சாயங்காலம் போட்டி முடிந்தால், அந்தக் குரல் இனி இந்த வீட்டுக்கு வராது. கடைக்காரர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்காகத் தானே போய் அவன் பக்கம் ஆன்டெனாவைத் திருப்புவதா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் ஆகட்டும், அந்த மோட்டாரை இன்று ஒழுங்குபடுத்தியே தீருவது என்று அவர் சுத்தியலும் ஒரு இரும்பு ஆப்பும் எடுத்துக்கொண்டு மாடியேறியிருந்தார். ஆன்டெனாவை வடக்கே திருப்பி, பல் சக்கரத்தில் ஆப்பை அடித்து நிறுத்திவிடுவது என்பது திட்டம்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் குனிந்து மனைவியைக் கூப்பிட்டார். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பெரிய குமிழ் ஒன்று என்று அவர் விளக்கத் தொடங்கும்போதே மேலே மோட்டார் உறுமி, ஆன்டெனா வடக்கே திரும்ப ஆரம்பித்தது. தான் சொல்லிக் கொடுத்த விதம் அப்படி என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தியில் ஆப்பை ஒரு நிமிஷம் முன்னாலேயே அடித்துவிட்டார். சக்கரம் பல்லை நறநறவென்று கடித்தது. ஏதோ இரண்டு துண்டு தெறித்து விழுந்தது. ஆன்டெனா நடுங்கி, மெதுவாகப் பின்வாங்கி, பழையபடி மலையைப் பார்த்து நின்று இறுகிப்போயிற்று. கடைக்காரர் அதைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

போட்டி தொடங்கியது.

ஆன்டெனா கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, வடக்கிலும் மேற்கிலும் இருந்தவர்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டார்கள். அவர் கூப்பிட்டது அவர்களுக்கு விழவே இல்லை. தம்பியின் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று அவன் பொது அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தான். சிக்னலின் பலத்தைக் காட்டும் ரேடியோவின் முள் கடைசிக் கோடுவரை போய் நின்றது.

முள் அப்படி நிற்க வேண்டுமென்றால் ஒரு வழிதான் உண்டு. எதிரிலிருப்பவனும் தன் ஆன்டெனாவை நேராக இந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். என் காதைக் கிழிக்கத்தான் வேண்டுமென்றே திருப்பியிருக்கிறான் என்று கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பதில் சொல்ல ஒரு விநாடிதான் ஆகும். ஆனால் பதில் சொன்னால் முதலில் பேசியவர் அவராகிவிடுவார். பொது அழைப்பு ஊருக்கு விடுவது. அது யாரிடமும் பேசியதாகாது. எனவே அவரும் பக்கத்து அலைவரிசைக்குப் போய்ப் பொது அழைப்பு விட்டார். தம்பி வந்து பதில் சொல்லட்டுமே. தம்பி வரவில்லை. அண்ணன் இங்கே ஊரை அழைத்தார். தம்பி அங்கே ஊரை அழைத்தான். நடுநடுவே இவர் அவன் அலைவரிசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இப்படியே மத்தியானம் ஆயிற்று.

மற்றவர்களுக்காவது கேட்கட்டும் என்று கடைக்காரர் ரேடியோவின் சக்தியை உச்சத்துக்குக் கூட்டினார். மேற்கே ஒருவர் இலேசாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். அதே நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா தன் கதவைத் திறந்து, வாசலில் யாரும் இல்லாததைப் பார்த்து, மூடினார். கடைக்காரர் மறுபடி பேசினார். அந்த அம்மா மறுபடி கதவைத் திறந்தார். இவர் மைக்கை அழுத்தும்போதெல்லாம் அங்கே காலிங் பெல் தானாக அடித்துக்கொண்டிருந்தது.

ஏழெட்டுத் தடவை கதவைத் திறந்து மூடிய பிறகு, அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே அந்த அம்மா வந்து நின்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க உலகத்தோட பேசுங்க, வேணாங்கல" என்றார். "என் வீட்டு பெல்லோட பேசாதீங்க."

கடைக்காரர் சக்தியை அடிமட்டத்துக்குக் குறைத்தார். இப்போது காலிங் பெல் அடங்கியது. மேற்கே பதில் சொன்னவரும் அடங்கிவிட்டார். இந்தச் சின்னச் சக்தியில், இப்படித் திரும்பிய ஆன்டெனாவில், தெருக்காரர்களைத் தவிர அவர் குரல் எட்டக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான் மிச்சம்.

சாயங்கால வெயில் அறைக்குள் சாய்ந்தது. போட்டி முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். தம்பியின் குரல் கம்மிப்போயிருந்தது. சின்ன வயதில் அழுதுமுடித்தபின் அவனுக்குத் தொண்டை அப்படித்தான் கட்டிக்கொள்ளும். மேஜையில் செய்தித்தாள்மேல் உடைந்த சக்கரப் பற்கள் கிடந்தன. கடைக்காரர் ரேடியோவின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து தம்பி பேசிய ஒரு தடவைகூட அது கடைசிக் கோட்டைவிட்டுக் கீழே இறங்கவில்லை.

காதைக் கிழிப்பதற்காக ஒருவன் நாள் முழுவதும் ஆன்டெனாவைத் திருப்பி வைப்பானா? வேறு எந்தக் கட்டமும் வேண்டாமென்றா உட்கார்ந்திருப்பான்? அவ்வளவு ரோஷக்காரன், அவனே திரும்பியிருக்கிறான். இதற்குமேல் அண்ணன் என்ற பெயரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

இந்தத் தடவை தம்பியின் அலைவரிசையை விட்டு அவர் விலகவில்லை. மைக்கை அழுத்தித் தன் அழைப்புக் குறியைச் சொன்னார்.

தம்பி, போட்டி விதிப்படி, சிக்னல் ஐந்து ஒன்பது, அதாவது உச்ச பலம், என்றும் தன் கட்டத்தையும் சொன்னான். இவரும் விதிப்படி தன்னுடையதைச் சொன்னார். அத்தோடு தொடர்பு முடிந்தது. அடுத்தவருக்கு இடம்விட்டு விலக வேண்டியதுதான். இருவரும் விலகவில்லை.

"இருக்கியாண்ணே?"

"இருக்கேன்."

"உன் சிக்னல் காலையிலேர்ந்து முள்ளு கடைசிவரைக்கும் போகுது" என்றான் தம்பி. "என் பக்கமே திருப்பி வச்சிருக்கியா?"

கடைக்காரர் உடைந்த பற்களையும் சுத்தியலையும் பார்த்தார்.

"ஆமா" என்றார். "உன் பக்கம்தான் திருப்பி வச்சேன். நீ?"

"நானும்தாண்ணே."

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் மனிதர் தன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் சரியாகத் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போன் எடுக்கும் என்று தம்பி சொன்னான். அப்படியானால் நீ பண்ணு என்றார் இவர். நீதான் பண்ணேன் என்றான் அவன். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றுவிட்டோம் என்று இருவருக்குமே ஒரே நேரத்தில் உறைத்தது.

"சரி, நானே பண்றேன்" என்றார் அண்ணன். "போறதுக்கு முன்னாடி ஒருதரம் வந்துட்டுப் போ. அப்பா மைக்கையும் எடுத்துட்டு வா. பெட்டி இங்க ஊமையாக் கிடக்கு."

போட்டி முடிந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது மனைவி நிலைப்படியில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ, டீயில் ஆடை படிந்திருந்தது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். பாவம், பல்வலி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் பல் டாக்டரே வந்தார். இந்த வருஷமும் கோப்பை அவருக்குத்தான் என்பது முகத்தில் தெரிந்தது. கடைக்காரருக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. ஒரே ஒரு கட்டத்தைப் பிடித்திருந்தார், அது போதும். டாக்டரை ரேடியோ அறையில் உட்காரவைத்து, மோட்டார் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். தானாகத் திரும்புகிற மோட்டாரை இதற்குமுன் எங்காவது கேள்விப்பட்டதுண்டா, யாரிடம் கொடுத்தால் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டார்.

டாக்டர் தாழ்ந்துபோன நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். தம்பியும் இன்று காலையில் சுத்தியலால் அடித்துத் தன் மோட்டாரை உடைத்துவிட்டதாகவும், போட்டி முடிந்ததும் ரேடியோவில் தன்னைக் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டதாகவும் சொன்னார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல சார். பல்லுவலின்னு சொல்லிட்டு என்கிட்ட பாடம் கேட்டு லைசென்ஸ் வாங்கினதுலேர்ந்து, நீங்க கடைக்குப் போனதும் உங்க வீட்டம்மாவும், அவர் பள்ளிக்கூடம் போனதும் தம்பி வீட்டம்மாவும் தினமும் ஆன்டெனாவைத் திருப்பி வச்சுப் பேசிக்கிறாங்க. பேசி முடிச்சதும் பழையபடி வடக்கே வச்சிடுங்கம்மான்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன், ரெண்டு பேரும் கேக்க மாட்டேங்கறாங்க."