தலைகீழாய் ஒரு மரியாதை

“டீச்சர், பேரு தலைகீழா தெரியுது!” தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அலறினார் தலைமையாசிரியர்.

மைதானத்தின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டியில் ஒரு பலகை. அதில், தொலைநோக்கியைத் தந்த அறக்கட்டளையை நிறுவிவிட்டு மறைந்த பெரியவரின் பெயர். பள்ளிகளுக்கு அறிவியல் கருவிகள் வாங்கித் தருவதற்கென்றே சொத்தை எழுதிவைத்தவர். இன்று அவருடைய மனைவி வருகிறார். இந்த மாடி ஆய்வகத்திலிருந்து கணவர் பெயரைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தால் தொலைநோக்கி இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

அறிவியல் டீச்சருக்கு அது போகவே கூடாது. சனியின் வளையத்தைப் புத்தகத்தில் படமாகவே படித்து, படமாகவே நடத்தி வந்தவர். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிஜமாகப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் காட்டிவிட வேண்டும்.

“ரிப்பேர் இல்ல சார். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் நடுவுல குறுக்க வெட்டிக்கிட்டுப் போகும். மேல இருக்கறது கீழ வரும், கீழ இருக்கறது மேல போகும். வானத்துல ஏது சார் மேல, கீழ?”

“அம்மா பாக்கப்போறது வானத்தை இல்ல டீச்சர், வீட்டுக்காரரை!”

தலைமையாசிரியர் தொலைநோக்கிக் குழாயை உருட்டிப் பார்த்தார். பெயர் அசைந்து கொடுக்கவில்லை.

“எப்படி உருட்டினாலும் அப்படியேதான் சார் இருக்கும். லென்ஸ் வட்டம்தானே?”

“அப்ப நான் உருண்டுக்கறேன்.” முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தார். பெயர் நேராகிவிட்டது. இடுப்புதான் நேராக மறுத்தது. டீச்சரும் வாட்ச்மேனும் சேர்ந்து நிமிர்த்தினார்கள்.

“அம்மாவை இப்படிக் குனியச் சொல்ல முடியாது” என்று முனகியபடி ஒப்புக்கொண்டார். “யோவ் வாட்ச்மேன், ஏணியை எடு. பலகையைத் தலைகீழா மாட்டிடு!”

“வேணாம் சார்…” என்றார் டீச்சர்.

மாட்டியாகிவிட்டது. குழாய்க்குள் பெயர் பளிச்சென்று நேராக நின்றது. தலைமையாசிரியர் மீசையைத் தடவவும் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. தொட்டி, கேட்டை ஒட்டியே இருப்பதை யாரும் யோசிக்கவில்லை.

தலை நரைத்த அம்மாள் இறங்கினார். அண்ணாந்து பலகையைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“முகத்தைப் பாருங்க டீச்சர், முகத்தை!”

டீச்சர் குழாயைத் தாழ்த்திக் கண்ணை வைத்தார். “உதட்டைக் கீழ் பக்கமா வளைச்சிருக்காங்க சார்.”

“போச்சு! எல்லாம் போச்சு!”

“இருங்க சார், இதுலதான் எல்லாம் தலைகீழாச்சே. அப்ப சிரிக்கறாங்க. ஆனா… கண்ணுலேருந்து தண்ணி மேல போகுது சார்.”

சனியின் வளையம் மறுபடியும் படமாகிப்போனது டீச்சருக்கு.

மூச்சிரைக்க மாடியேறி வந்தார் அம்மாளின் டிரைவர். தலைமையாசிரியர் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. “பெரிய தப்பு நடந்துபோச்சு. இதோ, இப்பவே நேரா மாட்டிடறோம்!”

“ஐயையோ, தொட்டுடாதீங்க சார்! கல்யாணத்துக்கு முன்னாடி ஐயா தெருக்கோடி மாடியிலேருந்து இந்த மாதிரிக் குழாயிலதான் அம்மாவைப் பாப்பாராம். அம்மா இந்தப் பக்கம் சிலேட்டுல எழுதி, தலைகீழாத்தான் தூக்கிக் காட்டுவாங்களாம்.”